மணத்தக்காளி தின்று காலமானவர்

எங்கள் ஆய்வு நிலையத்தில் கத்தரிக்காயைக் கத்தரிக்காய் என்று சொன்னால் மெமோ வரும். அந்த மெமோவை டைப் அடிப்பவன் நான் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன். திருவிடந்தைக்குத் தெற்கே, சவுக்குத் தோப்புக்கும் கடலுக்கும் நடுவே அறுபது ஏக்கரில் நிலையம் இருந்தது. கத்தரிக் குடும்பத்துச் செடிகளை ஆராய்வது அதன் வேலை. கத்தரி, தக்காளி, மிளகாய், சுண்டை, தூதுவளை, ஊமத்தை எல்லாம் ஒரே குடும்பம் என்பது நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு தெரிந்துகொண்டது. ஒவ்வொரு செடிக்கும் ஓர் எண் கொடுத்திருந்தார்கள். பேர் சொல்வது பாமரத்தனம், எண் சொல்வது விஞ்ஞானம்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சின்னச் சிக்கல். கடற்காற்றில் வரும் உப்பு, லேபிளில் எழுதிய எண்ணை மூன்றே மாதத்தில் தின்றுவிடும். அப்போதெல்லாம் விஞ்ஞானிகள் ஏசுபாதத்தைத் தேடுவார்கள். ஏசுபாதம் வயல் வேலைக்காரர், தினக்கூலி. வரப்பில் நின்றபடி, "இது அச்சரப்பாக்கத்து முள்ளுக் கத்திரி சாரு, அது புதுப்பட்டினம் சந்தையில வாங்கியாந்தது" என்று சொல்லிக்கொண்டே போவார். அவர்கள் நோட்டைப் பார்த்து அதற்கான எண்ணை எழுதிக்கொள்வார்கள். இப்படிப் பதினோரு வருடத்தில் நாற்பத்திரண்டு ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளிவந்தன. ஒன்றில்கூட ஏசுபாதத்தின் பேர் கிடையாது. அவருக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே.

பேர் வர வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டது வேறு ஓர் இடத்தில். நிரந்தரப் பணியாளர் பதிவேடு என்று ஒரு தடித்த சிவப்பு ரெஜிஸ்தர் என் மேஜையில் இருந்தது. தினக்கூலிகளில் ஒருவரை நிரந்தரமாக்கலாம் என்று டெல்லித் தலைமை அலுவலகம் அனுமதி கொடுத்திருந்தது. பட்டியலில் ஒரே பேர், ஏசுபாதம். அனுமதி 1997 மார்ச் முப்பத்தொன்று வரை. நிரந்தரமாக்க வயது வரம்பு நாற்பத்தைந்து; ஏப்ரல் பன்னிரண்டில் அவருக்கு அது முடிகிறது, அதற்கு மேல் எந்த அனுமதி வந்தாலும் அவருக்குக் கிடையாது. தினமும் சாயங்காலம் கை கால் கழுவிவிட்டு வந்து, ஜன்னல் வழியாக அந்த ரெஜிஸ்தரைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

மார்ச் இரண்டாவது வாரம் ஏழாம் பிளாட்டில் செடிகளின் கொழுந்துகள் காணாமல் போயின. ஏழாம் பிளாட் சாதாரண பிளாட் அல்ல. எங்கள் டைரக்டர் டாக்டர் வெங்கடராகவன் வெளிநாட்டு மாநாடு ஒன்றுக்குப் போய்வந்து தொடங்கிய ஐந்தாண்டுத் திட்டம் அங்கேதான் நடந்தது. அந்த மாநாட்டில் யாரோ, இந்தக் குடும்பத்தில் ஒரு காட்டுச் செடி ஆளையே கொல்லும் என்று படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அதற்கு நெருங்கிய சொந்தம் நம் கடற்கரையிலும் இருக்கிறது என்று டைரக்டர் கண்டுபிடித்து, டெல்லிக்கு எழுதி, திட்டம் வாங்கிவிட்டார். செடியின் எண் பதினேழு. அரிதின் முயன்று சேகரிக்கப்பட்டது என்று நானே டைப் அடித்திருக்கிறேன். சேகரித்த இடம் எங்கள் கேன்டீன் பின்பக்கம்.

இளம் விஞ்ஞானி ஹரிசங்கர் பூதக்கண்ணாடியோடு இரண்டு நாள் பிளாட்டில் படுத்துக் கிடந்தார். ஒரு புதுவகைப் புழு கொழுந்தை மட்டும் நகத்தால் கிள்ளியதுபோல் வெட்டுகிறது என்று மூன்று பக்கம் எழுதினார். புழுவுக்குத் தன் அப்பா பேரை வைக்கலாமா என்று என்னிடம் யோசனை கேட்டார். மூன்றாம் நாள் மத்தியானம், வேப்பமரத்தடியில் ஏசுபாதத்தின் தூக்குச்சட்டியில் புழு அகப்பட்டது. அவர் மனைவி ரெபேக்காள் வைத்த கீரைக் கூட்டு.

"வாயெல்லாம் புண்ணு சாரு, காரம் பட்டா உசுரு போவுது" என்றார் ஏசுபாதம். "அதான் நாலு நாளா மணத்தக்காளி கிள்ளிகினு போறேன். கொழுந்து கிள்ளினா செடியும் நல்லா பொதரா வரும்."

ஹரிசங்கர் பேனாவைக் கீழே போட்டுவிட்டார். பதினேழாம் எண்ணின் பேரை யாரோ முதல்முறையாக உரக்கச் சொல்லியிருந்தார்கள்.

டைரக்டர் அறைக்கு அழைத்துப்போனேன். கதவைச் சாத்தச் சொன்னார். ஏசுபாதம் இலை திருடிய குற்றத்துக்குத் திட்டு விழும் என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"எவ்வளவு நாளா சாப்பிடறே?"

"சின்னப் புள்ளையிலேர்ந்து ஐயா."

"அப்படின்னா நீ செத்திருக்கணும்" என்றார் டைரக்டர். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். ஏசுபாதம் மன்னிப்புக் கேட்டார்.

பதினேழாம் தேதி திங்கட்கிழமை முதல் அவர் பரிசோதனையில் வைக்கப்பட்டார். விதை காயவைக்கும் கூடத்தில் ஒரு கட்டில், வாசலில் எந்த நேரமும் கிளம்பத் தயாராக ஒரு ஜீப். தினமும் மூன்று வேளை கால் கிலோ கீரை, நிறுத்து, வேகவைத்து, உப்பில்லாமல், தாளிக்காமல். ஹரிசங்கர் மணிக்கொரு தடவை வந்து, "தலை சுத்தறதா? பார்வை மங்கறதா?" என்று கேட்டுக் குறித்துக்கொள்வார். இல்லை என்றால் முகம் வாடிவிடும். அந்தப் பிள்ளை மனம் நோகக் கூடாதே என்று ஏசுபாதம் ஒருமுறை, "லேசா சுத்துற மாதிரி கீது சாரு" என்று சொல்லிவைத்தார்.

மூன்றாம் நாள் காலையில் ஏசுபாதம் வாந்தி எடுத்தார். அன்று நிலையம் இருந்த கோலத்தை நான் மறக்கமாட்டேன். விஞ்ஞானிகள் ஒருவருக்கொருவர் கைகொடுத்துக்கொண்டார்கள். வாந்தியைக் கண்ணாடி ஜாடியில் எடுத்து லேபிள் ஒட்டினார்கள். பரிசோதனை நபர் எண் ஒன்றுக்கு நச்சு அறிகுறிகள் தோன்றிவிட்டன என்று டெல்லிக்குத் தந்தி போனது. கேட்டுக்கு வெளியே ரெபேக்காள் கத்திக்கொண்டிருந்தாள்.

"உப்பு இல்ல, ஒரைப்பு இல்ல, மாட்டுக்கு வெக்கிற மாதிரி அவிச்சுக் குடுத்தா எவனுக்குத்தான் வாந்தி வராது? என்னை உள்ள வுடு, ஒரு வாய் குழம்பு ஊத்திப் பாரு!"

அவளுக்கு ஆராய்ச்சி முறை தெரியாது என்று அவளை உள்ளே விடவில்லை.

டெல்லியிலிருந்து மறுநாளே பதில் வந்துவிட்டது. பாராட்டுகள், ஏப்ரல் முதல் தேதி நிபுணர் குழு நேரில் வருகிறது, நபர் எண் ஒன்றின் இறுதி விளைவைத் தெரிவிக்கவும், கூடவே ஒப்பிட்டுப் பார்க்க அந்தச் செடியை வாழ்நாளில் உண்ணாத ஒருவரையும் தயாராக வைக்கவும்.

உண்ணாதவரைத் தேடும் வேலை எனக்கு. சுற்றறிக்கை அடித்து அறுபத்திமூன்று பேருக்கும் அனுப்பினேன். அறுபத்திரண்டு பேர் சாப்பிட்டிருந்தார்கள். சாப்பிட்டதே இல்லை என்று எழுதிய வாட்ச்மேனை, அவர் மனைவியே வந்து காட்டிக்கொடுத்துவிட்டாள். இந்தச் செய்தியைச் சொல்ல மத்தியானம் டைரக்டர் அறைக்குப் போனபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தயிர்சாதம். தொட்டுக்கொள்ள, அவர் மனைவி வத்சலா மாமி நெய்யில் வறுத்துக் கொடுத்த மணத்தக்காளி வத்தல்.

நான் அந்த டப்பாவைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"லட்சுமணன், நீ நினைக்கறது புரியறது" என்றார் நிதானமாக. "இது வத்தல். மோர்ல ஊறி, வெயில்ல காஞ்சு, எங்காத்துல தலைமுறை தலைமுறையா பண்றது. இது ஆகாரம். அவன் சாப்பிட்டது சாம்பிள். ரெண்டையும் குழப்பிக்கப்படாது."

"சரி சார்."

"விஞ்ஞானத்துல பொய்யே கிடையாது. வேளைகெட்ட வேளையில சொல்ற உண்மைதான் உண்டு. இந்தத் திட்டம் போச்சுன்னா பதினாறு பேருக்கு வேலை போகும். உன் போஸ்ட்டும் இந்தத் திட்டத்துலதான் வரது, ஞாபகம் இருக்கோல்லியோ?"

எனக்கு ஞாபகம் இருந்தது. அன்று முதல் வேறெதுவும் ஞாபகத்தில் நிற்கவில்லை.

இருபத்தேழாம் தேதி செங்கல்பட்டிலிருந்து ஒரு டாக்டரை வரவழைத்தார்கள். நாடி பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார், ரத்தம் எடுத்தார். "ஆளு கல்லு மாதிரி இருக்காரு, வாய்ப்புண்கூட ஆறிப்போச்சு" என்று சொல்லி, உடல்தகுதிச் சான்றிதழை எழுதி நீட்டினார். ஏசுபாதம் கட்டிலிலிருந்து குதித்து இறங்கி அதை இரண்டு கையாலும் வாங்கினார். நிரந்தரமாவதற்குக் குறைவாக இருந்தது அந்தக் காகிதம் ஒன்றுதான். அவர் கையிலிருந்து அதை டைரக்டர் மெதுவாக உருவிக்கொண்டார்.

விஷயம் இப்போது இப்படி நின்றது. விஷம் ஏறியவர் என்று டெல்லிக்குத் தெரிவிக்கப்பட்ட ஆளுக்கு உடல்தகுதி இருக்க முடியாது. உடல்தகுதி இருந்தால் விஷம் ஏறியிருக்க முடியாது. முதலாவதன்படி ஏசுபாதத்துக்கு வேலை கிடையாது, இரண்டாவதன்படி மற்றவர்களுக்கு வேலை கிடையாது. இரண்டுமில்லாமல் திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்து மணி ஆகிவிட்டால் அனுமதி காலாவதி. பெரிய வெள்ளி அன்று விடுமுறை என்றாலும் டைரக்டர் அறையில் விளக்கு எரிந்தது. நான் வெளியே உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை ஏசுபாதத்தையும் ரெபேக்காளையும் கூப்பிட்டனுப்பினார். முதல்முறையாக அவர்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். நாற்காலியைக் கண்டதுமே ரெபேக்காளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உட்காரவில்லை.

"ரெண்டு பக்கமும் சேதமில்லாம ஒரு வழி இருக்கு" என்றார் டைரக்டர். "ஏசுபாதத்தை நாளை தேதியில நிரந்தரம் பண்ணிடறேன். உடல்தகுதிச் சான்றிதழை வேலையில சேர்ந்து ஒரு மாசத்துக்குள்ள குடுத்தாப் போறும்னு விதி இருக்கு."

ஏசுபாதம் கைகூப்பினார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"அதுக்கு மறுநாள், திங்கட்கிழமை, நீ காலமாயிடறே."

ஏசுபாதம் கூப்பிய கையை இறக்கினார்.

"பேப்பர்லதான்" என்று டைரக்டர் அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "செத்தவன்கிட்ட யாரும் சான்றிதழ் கேட்கமாட்டா. நிரந்தரப் பணியாளர் பணியில இருக்கறச்சே போய்ட்டா, கருணை அடிப்படையில சம்சாரத்துக்கு வேலை. திட்டத்துக்கு இறுதி விளைவு கிடைச்சாச்சு, உங்க குடும்பத்துக்கு உத்தியோகம் கிடைச்சாச்சு. இதைவிட மனிதாபிமானமா ஒரு முடிவை யாரும் எடுக்க முடியாது."

"ஐயா, எனக்கு ஒரு சந்தேகம்" என்றார் ஏசுபாதம். "பர்மனென்ட்டா கீற அந்த ஒரு நாளு நான் இன்னா வேலை செய்யணும்?"

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. லீவு."

"ஈஸ்டர் வேற" என்று தனக்குள் முணுமுணுத்தார் ஏசுபாதம்.

ரெபேக்காள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். "உசுரோட கீற மனுசனுக்குக் கருமாதி பண்ணச் சொல்றான், நீ லீவு கேட்டுகினு நிக்கிற!" என்று அவள் திட்டியது சவுக்குத் தோப்பு வரை கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை தேதியிட்டு ஆணையை டைப் அடித்தேன். சிவப்பு ரெஜிஸ்தரில் அவர் பேரையும் நானே எழுதினேன். திங்கட்கிழமை காலை ரெபேக்காள் வரவில்லை. பதினோரு மணிக்கும் வரவில்லை. ஹரிசங்கர் ஜீப்பை அனுப்பினார், ஜீப் காலியாகத் திரும்பியது. மதியம் மூன்று மணிக்கு ஏசுபாதம் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். அவள் கண்கள் வீங்கியிருந்தன. நான் விண்ணப்பப் படிவத்தை நீட்டினேன். கணவரை இழந்தவர் இங்கே கையொப்பமிட வேண்டும். பக்கத்தில் போட்டோ ஒட்ட வேண்டும், தாலியில்லாமல்.

"தாலிய கயட்ட மாட்டேன்" என்றாள். "இன்னா ஆனாலும் சரி, மாட்டேன்."

மணி மூன்றரை ஆனது. நான்கு ஆனது. ஆணை, இறப்பு அறிக்கை, விண்ணப்பம் மூன்றும் சேர்ந்து ஐந்து மணிக்குள் டெல்லிக்குப் போக வேண்டும். ஃபாக்ஸ் இயந்திரத்தின் பக்கத்தில் ஹரிசங்கர் குட்டி போட்ட பூனையாக நடந்தார். டைரக்டர் இரண்டு தடவை கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். எனக்கு அவள் கையெழுத்துப் போடக் கூடாது என்றும் இருந்தது, போட்டுத் தொலைத்தால் தேவலை என்றும் இருந்தது.

ஏசுபாதம் அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "ஏமே, பதினோரு வருசம் இந்த மணல்ல, இந்த வெயில்ல நின்னுகினேன். அந்த செவப்பு புக்குல என் பேரு ஏறிடுச்சு, லட்சுமணன் சாரு காமிச்சாரு. அத்த கோடு போட்டு அட்சா அட்சிக்கினு போவட்டும். அதுக்குக் கீய உன் பேராவது நிக்கட்டும்மே."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, தாலி தெரியாமல் கழுத்துக்கு மேலே மட்டும் போட்டோ எடுக்கச் சம்மதித்தாள். பூச்சிகளைப் படம் எடுக்கும் கேமராவால் ஹரிசங்கர் எடுத்தார். இறப்பை உறுதிசெய்ய, இறந்தவரை நன்கு அறிந்த இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று நான் போட்டேன். இன்னொருவர் யார் என்று அலைந்தோம். அந்தப் பாதகத்துக்கு எவரும் முன்வரவில்லை. மணி நாலே முக்காலுக்கு, "குடு சாரு, என்னைவிட எவனுக்கு அவனை நல்லாத் தெரியும்?" என்று ஏசுபாதமே வாங்கிப் போட்டுவிட்டார். ஃபாக்ஸ் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு ஐம்பத்தாறு.

"ஆண்டவரு வெள்ளிக்கெய்ம செத்து ஞாயித்துக்கெய்ம எழுந்தாரு" என்றார் ஏசுபாதம் படியிறங்கும்போது. "நான் ஞாயித்துக்கெய்ம பர்மனென்ட் ஆயி திங்கக்கெய்ம செத்தேன். எனக்கு எழுந்துக்க நாளே வுடல இவங்கோ." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை நிபுணர் குழு இரண்டு காரில் வந்து இறங்கியது. கூட்ட அரங்கில் இரங்கல் கூட்டம். ரெபேக்காளுக்கு வேலை ஆணை தருவதாகச் சொல்லியிருந்ததால் அவள் வந்திருந்தாள். ஏசுபாதத்தை அன்று மட்டும் வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவரும் வந்து, என் அறை வாசலில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

ஆணையை அவளிடம் கொடுத்தேன். இங்கிலீஷில் இருந்தது.

"இன்னா போட்டுக்கீது? படிச்சு சொல்லு தம்பி."

அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். காலை ஒன்பது மணிக்கு நான்தான் டைப் அடித்தேன். அப்போதே எழுந்துபோய் இது அநியாயம் என்று சொல்லியிருக்கலாம். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துக்கு அனுப்பினேன்.

"கருணை அடிப்படையில்..." என்று ஆரம்பித்தேன். "தினக்கூலியா எடுத்துக்கறாங்க. ஏசுபாதம் அண்ணே ஒரு நாள்தான் நிரந்தரமா இருந்தாரு இல்லையா, ஒரு நாள் சர்வீசுக்கு விதிப்படி இவ்வளவுதான் தர முடியுமாம். பத்து வருஷம் வேலை பார்த்தா, நிரந்தரம் பண்றதைப் பரிசீலிப்பாங்களாம்."

ரெபேக்காளுக்கு அப்போது நாற்பத்தோரு வயது. அவள் கணக்கெல்லாம் போடவில்லை. ஏசுபாதம்தான் விரல் மடக்கிப் பார்த்துவிட்டு, "அப்ப நான் செத்தது?" என்று கேட்டார். என்னைத்தான் கேட்டார்.

அரங்கிலிருந்து ஒலிபெருக்கியில் டைரக்டரின் குரல் வந்தது. "அமரர் ஏசுபாதம் இந்த நிலையத்தின் நிரந்தரப் பணியாளர். எங்கள் குடும்பத்தில் ஒருவர். விஞ்ஞானத்துக்காக உயிரையே கொடுத்தவர். அவர் கொடுக்க நேர்ந்ததே என்று வருந்துகிறோம், கொடுத்ததற்காகப் பெருமைப்படுகிறோம். எல்லோரும் எழுந்து கண்களை மூடி இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்."

ரெபேக்காள் அவர் கையைப் பற்றினாள். விறுவிறுவென்று அரங்குக்குள் இழுத்துக்கொண்டு போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். உள்ளே அறுபது பேரும் நிபுணர் குழுவும் தலை குனிந்து, கண்ணை மூடி நின்றார்கள். நானும் பழக்கதோஷத்தில் கடைசி வரிசையில் நின்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"கண்ணத் தெறங்க!" என்றாள் ரெபேக்காள். "இதோ நிக்கிறாரு பாருங்க. நீங்க சாவடிச்ச ஆளு இவருதான்!"

யாரும் திறக்கவில்லை. இரண்டு நிமிடம் இன்னும் முடியவில்லையே.

முடிந்தது. நிறுத்துக்கடிகாரம் வைத்திருந்த ஹரிசங்கர் தொண்டையைச் செருமினார். அப்போது டைரக்டர், கண்ணைத் திறக்காமலேயே, "இன்னும் ஒரு நிமிடம்" என்றார். அது முடிந்ததும், "மேலும் ஒரு நிமிடம்" என்றார். டெல்லிக்காரர்களுக்குத் தமிழ் புரியவில்லை. இந்தப் பக்கத்தில் துக்கம் இப்படித்தான் அனுசரிப்பார்கள் போலிருக்கிறது என்று அவர்களும் பக்தியோடு நின்றார்கள்.

"நாங்க போவல" என்று ரெபேக்காள் தரையில் உட்காரும் சத்தம் கேட்டது. "எவ்ளோ நேரம் கண்ண மூடிகினு நிப்பீங்க, நானும் பாக்குறேன்."

எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. கால் வலித்தது. என் பதினாறில் ஒரு பங்கு வேலையை நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் யாரோ மூச்சுவிடுவதுபோல் இருந்தது. தாங்க முடியாமல் ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்தேன். ஏசுபாதம் என் எதிரில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உடனே மூடிக்கொண்டேன்.